பெண்ணையாறா, ஒகேனக்கல்லா, பஞ்சப்பள்ளியா: தண்ணீரோரம் சைக்கிள் ஓட்ட எந்த வழி?

கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் கியர் சைக்கிள் வாங்கியவர்கள் இப்போது நிறையப் பேர். வாங்கிய புதிதில் ஊருக்குள்ளேயே சுற்றுவார்கள். அப்புறம், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் தென்னையுமாக அமைதியான சாலையில் யாரோ சைக்கிளில் போகும் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கம் இப்படி ஒரு ரோடு இருக்கா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. கடல்தான் இல்லையே தவிர, தென்பெண்ணை இருக்கிறது, காவிரி இருக்கிறது, சின்னாறு இருக்கிறது, இவற்றால் நிரம்பும் ஏரிகளும் அணைகளும் இருக்கின்றன.

எந்த வழி என்பதற்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு, ஆண்டின் பெரும்பாலான மாதங்களுக்கு, கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட) அணையில் தொடங்கி காவேரிப்பட்டணம், நெடுங்கல் வழியாகப் பாரூர் ஏரி வரை போகும் வழிதான் சரி. ஒகேனக்கல்லின் அழகுக்கு அது ஈடாகாது. ஆனால் ஒகேனக்கல் வாராவாரம் போகிற வழி இல்லை. காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் வீடு எந்த ஊரில், உங்கள் கால் எவ்வளவு தாங்கும், எந்த மாதம் கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்களுக்கு வேறு விடை வரலாம்.

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். தண்ணீர் எவ்வளவு தூரம் கூடவே வருகிறது? லாரியும் டிப்பரும் எவ்வளவு? திரும்பி வரும்போது காற்று எந்தப் பக்கம் இருக்கும்? நடுவழியில் கால் சோர்ந்தாலோ டயர் கிழிந்தாலோ வீடு வந்து சேர வழி உண்டா? காட்சி எவ்வளவு பெரியது என்பதை இந்த நான்குக்கும் பிறகுதான் வைப்பேன். ஒரு மணி நேரம் லாரிப் புகையைக் குடித்துவிட்டுக் கடைசியில் பார்க்கும் அருவியைவிட, அந்த ஒரு மணி நேரமும் பக்கத்திலேயே ஓடிவரும் வாய்க்கால் எனக்கு மேல்.

கடலைப் பற்றியும் பேசிவிடலாம். காரில் சைக்கிளை மாட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைக்கே போய்விடலாம் என்று நினைப்பவர்கள் இங்கே உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை 250 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே திருவான்மியூர் தொடங்கி மாமல்லபுரம் வரை சாலை தட்டை, ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. விடியற்காலையில் சென்னைக்காரர்கள் கூட்டமாக ஓட்டுவார்கள், புதியவர்களுக்கு அந்தத் துணை நல்லது. ஆனால் பெயரில் இருக்கும் அளவுக்குக் கடல் கண்ணில் படாது. பாலவாக்கம், நீலாங்கரைப் பக்கமெல்லாம் வீடுகளும் மதில்களும் மறைத்துக்கொள்கின்றன. முட்டுக்காட்டுப் பாலத்தில் உப்பங்கழி சட்டென்று விரியும், அந்த இடம் உண்மையிலேயே அழகு. அதற்காகப் பக்கத்தில் பறக்கும் கார்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உப்புக் காற்று செயினையும் போல்ட்டுகளையும் சீக்கிரமே துருப்பிடிக்க வைக்கும், வீடு வந்ததும் துடைத்து எண்ணெய் விட்டாக வேண்டும். குடும்பத்தோடு மாமல்லபுரம் போகும்போது சைக்கிளையும் எடுத்துப் போனால் நல்ல அனுபவம். ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு அது நமக்கு ஆகாது.

இன்னொன்றையும் ஒதுக்கிவிடுகிறேன். நம் இரண்டு மாவட்டங்களையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சைக்கிளுக்கான சாலை இல்லை. தளம் வழவழப்பாக இருப்பதால் சிலருக்கு அதில் ஓட்ட ஆசை வருகிறது. வட இந்தியாவிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் சரக்கு லாரிகள் ஓடுகிற சாலை அது. தர்மபுரிக்குத் தெற்கே தொப்பூர் கணவாயில் எத்தனை விபத்துகள் நடக்கின்றன என்று நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கீழே வரும் எந்த வழியிலும் இந்த நெடுஞ்சாலை முடிந்தவரை குறைவாக வரும்படிதான் யோசித்திருக்கிறேன்.

அணையிலிருந்து பாரூர் வரை

கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிப் பக்கம் கிளம்பினால் முதலில் வருவது அவதானப்பட்டி ஏரி. படகு இல்லமும் பூங்காவும் இருக்கும் இடம், விடியலில் ஆள் இருக்காது. இந்த முதல் சில கிலோமீட்டர்தான் இந்த வழியின் குறை. நெடுஞ்சாலையை ஒட்டித்தான் வந்தாக வேண்டும். சர்வீஸ் ரோடு கிடைக்கும் இடத்தில் எல்லாம் அதையே பிடியுங்கள். அதில் எதிர்த்திசையில் பைக்குகள் வரும், இருட்டோடு கிளம்பினால் முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம். அணைக்குத் திரும்பும் சாலையில் நுழைந்ததும் லாரிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் அடங்கிவிடும்.

அணை 1950களில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்டது. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது திறந்துவைத்தார். முழு நீர்மட்டம் 52 அடி. இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான எண் அது. மழைக்காலத்தில் டீக்கடைக்குப் போனால் "டேம் இன்னிக்கு எத்தனை அடி?" என்பதுதான் முதல் பேச்சு. சைக்கிளில் போகிறவருக்கும் அந்த எண் தெரிந்திருக்க வேண்டும். அணை நிரம்பும் தறுவாயில் ஷட்டரைத் தூக்குவார்கள், ஆற்றோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடுவார்கள், பூங்காவுக்குப் போகும் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகும். அன்றைக்கு அணைப் பக்கம் வேடிக்கை பார்க்கும் கூட்டம் வேறு. 2017 நவம்பரில் ஒரு ஷட்டரே உடைந்து தண்ணீர் பாய்ந்தது பலருக்கு நினைவிருக்கும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் கிளம்பும் முன் செய்தி பாருங்கள். இல்லாவிட்டால் வழியில் யாரிடமாவது "தண்ணி திறந்திருக்காங்களாண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஓடும் தண்ணீர் கணுக்கால் அளவே தெரிந்தாலும் தரைப்பாலத்தில் சைக்கிளை இறக்காதீர்கள்.

இந்த வழியின் உயிர் அணையில் இல்லை, அணைக்குக் கீழே இருக்கிறது. இடதுபுறம் ஒன்று, வலதுபுறம் ஒன்று என இரண்டு கால்வாய்கள் பிரிந்து சுமார் 9,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. போகத்துக்குத் தண்ணீர் திறந்திருக்கும் மாதங்களில் இந்தக் கால்வாய்களை ஒட்டிய ஊர்ச்சாலைகளில் போய்ப் பாருங்கள். நெல், தென்னை, கொஞ்சம் கரும்பு, அப்புறம் மா. வறண்ட மாவட்டம் என்று பெயர் வாங்கிய நம் பகுதியில் இப்படிப் பச்சை பிடித்த இடம் உண்டா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சாலை குறுகல்தான். டிராக்டர் வந்தால் ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரு மாடு கயிறோடு குறுக்கே நிற்கும். வேகம் கூட்ட நினைப்பவருக்கு இந்தச் சாலை எரிச்சல் தரும். ஆனால் அமைதியாக ஓட்ட வேண்டும் என்று வருபவருக்கு இதைவிட நல்ல இடத்தை நான் இங்கே பார்த்ததில்லை.

காவேரிப்பட்டணத்தில் நிறுத்தி இட்லியோ நிப்பட்டோ ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் அணைச் சுற்று முடிந்தது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நெடுஞ்சாலைப் பகுதிக்கு மட்டும் சைக்கிளை வண்டியில் ஏற்றி அணையில் இறக்கிக்கொள்ளலாம்.

கால் பழகியவர்கள் காவேரிப்பட்டணத்தோடு திரும்பாமல் தென்கிழக்கே நெடுங்கல்லுக்கு விடலாம். அங்கே தென்பெண்ணையில் ஒரு அணைக்கட்டு. அதிலிருந்து பிரியும் தண்ணீர்தான் பாரூர் பெரிய ஏரியை நிரப்புகிறது. ஆறு, அணைக்கட்டு, கால்வாய், ஏரி என்று ஒரே தண்ணீரின் பயணத்தைக் கூடவே போய்ப் பார்க்கும் வழி இது. பெரிய ஏரி நிரம்பியிருக்கும் தை மாதக் காலையில் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றால், எதிர்க்கரை பனியில் தெரியாது. கடலோரத்தில் நிற்பதற்கு மிக அருகில் நம் மாவட்டம் கொண்டுபோவது இந்த இடத்தில்தான். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மீன் வளர்ப்பு மையமும் பாரூரில் இருக்கிறது. நீர்ப்பறவைகளைப் பார்க்கும் ஆர்வம் உள்ளவர்கள் ஒரு பைனாகுலரைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

பாரூரைச் சுற்றிப் போச்சம்பள்ளி, சந்தூர்ப் பக்கமெல்லாம் மாந்தோப்பு. சந்தூரில் மாங்கன்று வளர்க்கும் நர்சரிகள் வரிசையாக உண்டு. தை, மாசியில் மா பூத்திருக்கும்போது அந்த வாசனையில் ஓட்டுவது தனி சுகம். சித்திரை முடிந்து வைகாசி, ஆனி வந்தால் நிலைமை மாறும். பெங்களூரா மாங்காயை ஏற்றிக்கொண்டு டிராக்டரும் லாரியும் மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்கு ஓடும் நாட்கள் அவை. அப்போது வெயிலும் தாங்காது. அந்த இரண்டு மாதங்கள் பாரூர் வரை போகாமல் அணைச் சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போச்சம்பள்ளியில் வாரச்சந்தை ஞாயிற்றுக்கிழமை. ஆடு, மாடு, கோழி, காய்கறி என்று சுற்றுவட்டாரமே அங்கே கூடும். நாம் ஓட்டுவதும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். எனவே பாரூர் ஏரியை விடிந்தும் விடியாமலும் பார்த்துவிட்டு, போச்சம்பள்ளிக்குள் நுழையாமல் வந்த வழியே திரும்பிவிடுவது ஒரு யோசனை. சந்தையைப் பார்க்கவே வேண்டும் என்றால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கத் தயாராகப் போங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பாரூர் தாண்டிப் போச்சம்பள்ளி வரை போய்வந்தால் 70 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

இந்த வழியில் என் மனதை வருத்தும் ஒன்று உண்டு, அதை மறைத்துப் பரிந்துரைக்க மாட்டேன். தென்பெண்ணை கர்நாடகத்திலிருந்து பெங்களூரின் கழிவையும் சுமந்துகொண்டுதான் வருகிறது. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போது வெள்ளை வெள்ளையாக நுரை மலைபோல் எழும்பிச் சாலை வரை வருவதை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கே.ஆர்.பி. அணைக்கு வரும்போது நுரை தெரியாது. ஆனால் சில மாதங்களில் தண்ணீர் பச்சையாகி வாடை வீசும். இவ்வளவு அழகான ஆற்றங்கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு போக வேண்டியிருப்பது வேதனை. புதுத் தண்ணீர் வந்த பிறகு, புரட்டாசியிலிருந்து மாசி வரை போனால் அது பெரும்பாலும் தெரியாது. இந்த வழிக்கு அதுதான் நல்ல காலமும்.

ஒகேனக்கல்

தர்மபுரிக்காரர்களுக்கு இயல்பாக வரும் பெயர் இதுதான். தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். இண்டூர், பி.அக்ரஹாரம் தாண்டிப் பென்னாகரம், அங்கிருந்து காட்டுக்குள் மலைப்பாதை. பென்னாகரம் வரை சாலை நன்றாக இருக்கும், சின்னச் சின்ன மேடு பள்ளங்கள், ஓரத்தில் புளிய மரங்கள், மானாவாரி நிலங்கள். தண்ணீர் எங்கும் தெரியாது. பென்னாகரத்துக்கு அப்புறம்தான் இந்த வழியின் அழகு முழுதும் மொத்தமாக வந்து இறங்குகிறது. பதினைந்து கிலோமீட்டரை ஒட்டிய தூரம் காடு, வளைவு, இறக்கம். பெடலைத் தொடவே வேண்டாம்.

தொட வேண்டாத அந்தத் தூரத்தில்தான் கவனம் வேண்டும். வளைவுகளில் பேருந்து முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். பிரேக்கை ஒரேயடியாக அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கணவாய் ஆஞ்சநேயர் கோயில் பக்கம் குரங்குகள் கூட்டமாக இருக்கும். கையில் வாழைப்பழத்தோடு அங்கே நிற்காதீர்கள். இந்தக் காட்டில் யானை உண்டு. விடிவதற்கு முன் பென்னாகரத்தைத் தாண்டாதீர்கள். வெளிச்சம் வந்த பிறகு, முன்னால் ஒரு பேருந்து போன பின்னால் இறங்குவது நல்லது.

கீழே காவிரி. பாறைகளைப் பிளந்துகொண்டு விழும் அந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகு, எதற்காக இவ்வளவு தூரம் வந்தோம் என்ற கேள்வியே வராது. மீனை நாம் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைத்துக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டால் மட்டும் ஏற முடியாது. கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள்.

இறங்கியதை எல்லாம் திரும்ப ஏற வேண்டும். ஒகேனக்கல்லின் உண்மையான விலை அதுதான். ஏற்றம் செங்குத்து இல்லை, கியர் இருந்தால் பொறுமையாக ஏறிவிடலாம். ஆனால் காலை ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பள்ளத்தில் காற்றே அசையாது, பாறைகள் சுட ஆரம்பித்துவிடும். அதே நேரத்தில்தான் பெங்களூர், சேலம் கார்கள் வரிசையாக இறங்கத் தொடங்கும். ஐந்தரைக்குத் தர்மபுரியில் கிளம்பி, எட்டுக்குள் அருவியைப் பார்த்துவிட்டு, ஒன்பதுக்குள் ஏறத் தொடங்க முடிகிறவர்களுக்கு மட்டும் போய்வர 92 கிலோமீட்டர் ஒரு நல்ல நாளாக அமையும். முடியாதவர்கள் பென்னாகரம் வரை காரில் சைக்கிளைக் கொண்டுபோகலாம். இல்லாவிட்டால் ஓட்டிக்கொண்டு போய், திரும்ப ஒரு டாடா ஏஸ் பிடித்து நாலைந்து பேர் சேர்ந்து வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

திரும்பும்போது பென்னாகரத்திலிருந்து அதே சாலையில் வராமல் பாப்பாரப்பட்டி வழியாக வரலாம். கூட்டம் குறைவு. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925-இல் காலமான ஊர் அது, அவருடைய நினைவிடம் இருக்கிறது. தொழுநோயோடு ஊர் ஊராக நடந்த மனிதர் அவர். அந்த வழியில் போகும்போது பத்து நிமிடம் அங்கே நிற்காமல் வர எனக்கு மனம் வருவதில்லை.

எந்த மாதம் போவது? ஆடியில் போகாதீர்கள். கர்நாடக அணைகள் நிரம்பி உபரிநீர் திறந்துவிட்டால் மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து ஏறிக்கொண்டே போகும். பரிசலை நிறுத்துவார்கள், குளிக்கத் தடை போடுவார்கள். ஆடிப்பெருக்கு அன்று சாலையே தெரியாத அளவுக்கு வண்டிகள். பங்குனி, சித்திரையில் தண்ணீர் மெலிந்து, ஏற்றம் நெருப்பாக இருக்கும். மழை ஓய்ந்த மார்கழி முதல் மாசி வரை உள்ள நாட்கள்தான் இதற்குப் பொருத்தம். இந்த மாதங்களிலும் பொங்கல் விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள்.

பஞ்சப்பள்ளி

இந்தப் பெயரைப் பலர் சைக்கிளோடு சேர்த்து யோசிப்பதில்லை. பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி, அங்கிருந்து மேற்கே பஞ்சப்பள்ளி. காவிரிக்குப் போகும் சின்னாற்றைக் குறுக்கே மறித்து அங்கே ஒரு அணை. பின்னால் குன்றுகள், கரையில் யாரும் இல்லாத அமைதி. கே.ஆர்.பி. அணைக்கு இருக்கும் பூங்காவோ மீன் கடைகளோ இங்கே எதிர்பார்க்காதீர்கள். பாலக்கோட்டில் தொடங்கினால் போய்வர அரைநாள் கூட ஆகாது.

இதன் குறையும் தொடக்கத்திலேயே இருக்கிறது. பாலக்கோடு தக்காளிக்குப் பேர்போன ஊர். மண்டிக்கு வரும் வண்டிகளும் மண்டியிலிருந்து கிளம்பும் லாரிகளும் விடியற்காலையில்தான் ஓடும். கரும்பு அரவைக் காலத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் சேர்ந்துகொள்ளும். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தர்மபுரிக்கு நான்கு வழிச் சாலை போட்டபின் வேகமும் கூடிவிட்டது. பழைய ஊர்ச்சாலையைப் பிடித்து மாரண்டஹள்ளி போய்விட்டால் அப்புறம் நிம்மதி.

யானைகளை இங்கேயும் நினைவில் வைக்க வேண்டும். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளிக்கு அருகே ஒரு தோட்டத்தைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட இருந்த குட்டிகள் தாயை விட்டுப் போகாமல் நின்ற செய்தியைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யானைகள் அந்த நிலங்கள் வழியாக நடக்கின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இருட்டில் போகாதீர்கள், தனியாகப் போகாதீர்கள், இயற்கை உபாதைக்காக வயல் வேலிகளுக்குள் இறங்காதீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதைப் பட்டியலில் வைத்திருப்பதற்குக் காரணம் காற்று. ஆனி, ஆடியில் நம் பகுதியில் மேற்குக் காற்று எப்படி அடிக்கும் என்பது சைக்கிளில் போனவருக்குத்தான் தெரியும். பெரிய லாரி ஒன்று எதிரே வந்து நிற்பதுபோல் இருக்கும். பாரூர் தென்கிழக்கே இருக்கிறது. போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போய் விட்டுவிடும், திரும்பி வரும்போது களைத்த காலோடு காற்றை எதிர்த்து மிதிக்க வேண்டும். பஞ்சப்பள்ளி அதற்கு நேர்மாறு. புதுக் காலோடு காற்றை எதிர்த்துப் போய்விட்டு, திரும்பும்போது காற்றே வீடு கொண்டுவந்து சேர்க்கும். ஒகேனக்கல்லும் மேற்கேதான், ஆனால் அந்த மாதங்களில் அங்கே வெள்ளமும் கூட்டமும். அதனால் ஆனி, ஆடி, ஆவணிக்குப் பஞ்சப்பள்ளி என்பது என் கணக்கு.

நான் சேர்க்காதவை

வத்தல்மலையைக் கேட்பவர்கள் உண்டு. தர்மபுரிக்குப் பக்கத்திலேயே இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள், மேலே காப்பியும் மிளகும் சில்வர் ஓக் மரங்களும். ஏறிப் பழக விரும்புபவருக்கு அற்புதமான மலை. அது உடம்பைச் சோதிக்கும் பயணம். தண்ணீரோரம் சாவகாசமாகப் போக வேண்டும் என்று கேட்பவருக்கு அதைக் காட்ட முடியாது.

ஓசூர்க்காரர்கள் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் இறங்கும் சாலையைப் புகழ்வார்கள். புகழுக்குத் தகுதியானதுதான், இந்த இரண்டு மாவட்டங்களிலேயே அழகான சாலை அதுவாக இருக்கலாம். ஆனால் அது 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டிப் போகிறது. ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து வரும் யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவுப் பக்கமெல்லாம் மாதக்கணக்கில் தங்கும். காரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம். சைக்கிளில் போகிறவருக்கு ஓடி ஒளியவும் இடமில்லை. அழகுக்காக அந்த ஆபத்தைப் பிறருக்கு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். காரில் போய் ரசித்துவிட்டு வாருங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை

தண்ணீரைப் பற்றி ஒன்று. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக அதை அனுபவித்த தலைமுறைகள் இங்கே உண்டு. அதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. வழியில் ஏதோ ஒரு பம்புசெட்டில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைக்காமல், இரண்டு பாட்டில் வீட்டுத் தண்ணீர் எடுத்துப் போங்கள். காவேரிப்பட்டணம், பாரூர்ப் பக்கம் இளநீர் தாராளமாகக் கிடைக்கும். ஒகேனக்கல் மலைப்பாதையில் எதுவும் கிடைக்காது.

கால்வாய்க் கரையெல்லாம் சீமைக் கருவேல முள். மெல்லிய ரோடு பைக் டயருக்கு அதுதான் எமன். உபரி டியூப் இரண்டு, பம்பு, டயர் கழற்றும் நெம்பு இல்லாமல் பாரூர்ப் பக்கம் போகாதீர்கள். ஊரில் பஞ்சர் கடை இருக்கும், ஆனால் மெல்லிய வால்வுக்கு ஏற்ற பம்பு அங்கே இருக்காது. கொஞ்சம் அகலமான டயர் போட்ட ஹைப்ரிட் சைக்கிள்தான் நம் சாலைகளுக்குப் பொருத்தம். ஒகேனக்கல்லுக்கு மட்டும் மெல்லிய டயர் சரிப்படும்.

கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் கிடையாது என்பதால் வண்டி கோளாறானால் வீட்டுக்குப் போன் செய்து ஆளை வரவழைப்பதுதான் வழி. அணை, காவேரிப்பட்டணம் வழியில் எங்கே நின்றாலும் அரை மணியில் யாராவது வந்து சேர்ந்துவிடலாம். பஞ்சப்பள்ளியில் அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஒகேனக்கல் பள்ளத்துக்குள் செல்போன் எல்லா இடத்திலும் எடுக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம், கிளம்பும் முன்பே எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கிருஷ்ணகிரியில் இருப்பவர், இந்தப் புரட்டாசியில் புதிதாகத் தொடங்குகிறவர் என்றால், முதல் வாரம் அணை வரை மட்டும் போய்வாருங்கள். அடுத்தது காவேரிப்பட்டணம் சுற்று. கார்த்திகை மழை ஓய்ந்து ஏரி நிரம்பியதும் பாரூர். தர்மபுரியில் இருப்பவர், பென்னாகரம் வரை போய்வருவதை முதலில் பழகிக்கொண்டு, மார்கழியில் ஒரு சனிக்கிழமை பார்த்து ஒகேனக்கல் இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமையைவிடச் சனிக்கிழமைக் காலையில் அந்த மலைப்பாதையில் வண்டிகள் குறைவு.